ஒற்றைக் கொம்பு மாடும் எங்கள் டிவிஷனும்

எங்கள் சந்து முழுவதையும் பெங்களூர் வரைபடத்திலிருந்து அழித்தது வெள்ளைக்காரன் இல்லை. மகாராஜா இல்லை. எந்த அதிகாரியும் இல்லை. நான்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நாக்குக்கு மட்டும் ஒரு ஐம்பது வயது இருக்கும். அந்த நாக்கை வைத்துக்கொண்டு அறுபத்துச் சொச்சம் வீடுகளை ஒரே காலைப் பொழுதில் இல்லாமல் ஆக்கினேன். அவற்றைத் திரும்பவும் இருக்க வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூர் அப்போதுதான் ஒரே ஊராக ஆகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அது இரண்டு ஊர். மகாராஜாவின் பேட்டை ஒன்று, வெள்ளைக்காரன் பட்டாளம் வைத்திருந்த தண்டு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி, தனித்தனிச் சட்டம், தனித்தனிக் குப்பை வண்டி. மல்லேஸ்வரத்துத் தமிழர்கள் மகாராஜாவின் ஆபீஸ்களில் பேனா பிடித்தார்கள். தண்டுத் தமிழர்களாகிய நாங்கள் வெள்ளைக்காரனின் குதிரை, துணி, சமையல், தோட்டம் இவற்றைப் பிடித்தோம். பேசுவது ஒரே பாஷைதான் என்றாலும் அவர்கள் வீட்டுப் படியை நாங்கள் மிதித்ததில்லை, எங்கள் சந்துப் பக்கம் அவர்கள் தலைவைத்ததும் இல்லை. விடுதலை வந்த வருஷம் தண்டு திரும்ப மகாராஜா சர்க்காரிடம் போனது. பிறகு இரண்டு வருஷத்தில் இரண்டு முனிசிபாலிட்டியையும் சேர்த்துப் பிசைந்து ஒரே கார்ப்பரேஷன் என்றார்கள். ஊர் முழுவதையும் டிவிஷன்களாகப் பிரிக்கப் போகிறார்கள், அந்தந்த டிவிஷன் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் கவுன்சிலரை அனுப்பலாம் என்றும் சொன்னார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் நான் ஏன் அந்தக் காரியத்தைச் செய்யப் போகிறேன்?

எங்கள் சந்து பிரேசர் டவுனுக்குப் பின்பக்கம், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. மண் சுவர், நாட்டு ஓடு, வசதிப்பட்டவர்களுக்குத் தகரம். ஆண்கள் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் பங்களாக்களில் ஆயா வேலை, பாத்திர வேலை பார்த்தார்கள். நான் ஒரு தையல் கடையில் காஜா எடுத்தேன். காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குச் சுற்றிலும் நூலால் கரை கட்டுவது. பட்டாளத்துச் சட்டையில் எத்தனை பொத்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விரல் வலிக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்ததால் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்தத் திமிரும் சேர்ந்து, சந்தில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஒரு சேதியோடு வந்தார். நீளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா பக்கத்துத் தெருவில் வீடு வீடாக எழுதுகிறார், நாளைக்கு நம்ம சந்து என்றார். எதற்கு எழுதுகிறார் என்று அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை. அதிகம் பேசாத மனிதர் அவர். யாரிடமும் எதையும் கேட்கவும் மாட்டார். சந்துக்காரர்களுக்கோ கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டு வரிதான், வேறென்ன? சர்க்கார் ஆள் புத்தகத்தோடு வந்து நல்லது நடந்ததை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

"வரி வூட்டுக்குத்தானே? மாட்டுக் கொட்டாய்க்கு இல்லியே?" என்றேன் நான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வை என்னை இன்னும் ஏற்றிவிட்டது. சந்தில் மொத்தம் இருந்தது ஒரே ஒரு மாடு. கட்டட மேஸ்திரியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம், அந்த அக்காவுடையது. செவலை மாடு, இடது கொம்பு பாதியில் ஒடிந்து போனது. வீடுகளுக்குப் பின்னால் ரயில் வேலி ஓரமாக ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி இருந்தது. குமாஸ்தா முன்பக்கம் ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள், அக்கா பின்பக்கமாக மாட்டை ஓட்டிப்போய் அந்த வீட்டில் கட்டிவிடுவது. பாத்திரம் பண்டத்தையெல்லாம் மூன்றே மூன்று வீடுகளில் அடைத்து, அந்த மூன்றை மட்டும் வீடு என்று காட்டுவது. இதுதான் என் யோசனை.

"பொய்யி தேவையா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீ சும்மா இரு மாமா" என்றேன். சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் குமாஸ்தா வந்தார். நெற்றியில் நாமம், கோட்டு, குடை. மல்லேஸ்வரத்து ஆள் என்று பார்த்த உடனே தெரிந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சந்து முனையில் நான் நின்று வரவேற்றேன். இங்கே குடியிருப்பு எல்லாம் கிடையாதுங்க, இது மாடு கட்டற இடம், நாங்க மூணு குடும்பம் காவலுக்கு இருக்கோம் என்று கூசாமல் சொன்னேன். ஒவ்வொரு கதவையும் நானே திறந்துவிட்டேன். உள்ளே வைக்கோல், சாணி, அசை போட்டுக்கொண்டு எங்கள் செவலை.

"என்னம்மா இது, எந்தக் கதவைத் திறந்தாலும் மாடு நிக்கறது? ஜனங்களே கிடையாதா?"

"எங்க சாமி ஜனம்? எல்லாம் மாடுதான்."

மாடு அடம்பிடிக்காமல் உள்ளே வர ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை தவிடு போட்டிருந்தோம். பதினோராவது வீட்டில் அதற்கு வயிறு முட்டிவிட்டது. படுத்துவிட்டது. அக்கா வாலை முறுக்கினாள், காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள், அது அசையவில்லை. ஆனால் அதற்குள் வெயில் ஏறியிருந்தது, சாணி நாற்றத்தில் குமாஸ்தா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "பாக்கியும் இதே மாதிரிதானே?" என்று கேட்டார். "அதே மாதிரிதான் சாமி" என்றேன். அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, கடைசி வீடு வரைக்கும் மேற்படி, மேற்படி என்று வரிசையாக எழுதிவிட்டு அவர் திரும்பிப் போனார்.

அன்றைக்கு எங்கள் சந்து சிரித்த சிரிப்பு! அக்கா எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாள். சர்க்காரையே மடக்கிவிட்டாள் பார், காஜாக்காரி என்றார்கள். நானும் நாலு நாள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். தையல் கடைக்குப் போகிற வழியில் மார்க்கெட் சுவரில் புதிதாகப் பெரிய காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் இங்கிலீஷ். புதிய கார்ப்பரேஷனின் டிவிஷன்கள், அவற்றின் எல்லைகள், எந்தத் தெரு எந்த டிவிஷனில் என்று அச்சடித்திருந்தது. நான் சும்மா எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம் என்று நின்றேன். எங்களுக்கு முந்திய தெரு இருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெரு இருந்தது. எங்கள் சந்து மட்டும் இல்லை. மூன்று தடவை விரல் வைத்துத் தேடினேன். கடைசியில் ஒரு டிவிஷனின் எல்லையைச் சொல்லும் இடத்தில் அகப்பட்டது: வடக்கே ரயில் பாதை, மேற்கே மாடு கட்டும் காலி நிலம்.

காலி நிலம்! நான் பிறந்த இடம், என் அப்பா கண்ணை மூடிய இடம், அக்கா நாலு பிள்ளை பெற்ற இடம், எல்லாம் ஒரு எல்லைக் கல்லுக்கு இருக்கிற மரியாதைகூட இல்லாமல் காலி நிலம் ஆகிவிட்டது. கோபம் வந்தது. யார் மேல் வருவது என்று கோபத்துக்கே தெரியவில்லை.

கடையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் நூல் கண்டை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அங்க சைட் போடப் போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுதும்மா. காலி நிலம்னா அளந்து, முளை அடிச்சு, கேட்டவங்களுக்குக் குடுப்பாங்க. உங்க வூட்ட யாரு கேக்கப் போறாங்க? இல்லாத வூட்டுக்கு யாரு கேள்வி?" என்றார். ஆட்சேபணை இருந்தால் பத்து நாளைக்குள் சொல்ல வேண்டும் என்று அந்தக் காகிதத்தின் அடியில் இருந்ததையும் அவர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். அதில் ஏற்கெனவே ஆறு நாள் போயிருந்தது.

அன்று நான் எடுத்த காஜா ஒன்றுகூட நேராக இல்லை.

சாயங்காலம் சந்தில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பாயசம் குடித்த வாய் எல்லாம் என்னைக் கிழித்தது. உன் பேச்சைக் கேட்டுத்தானே, உன் இங்கிலீஷைத் தூக்கி அடுப்பில் போட, எங்க குடியைக் கெடுத்துட்டியேடி என்றார்கள். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற சாயங்காலம் அது ஒன்றுதான். பிறகு நானே ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்னால் உன்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றாள் ஒருத்தி. போட்டால் போடட்டும் என்றேன்.

மறுநாள் ஆபீசில் அக்காவும் நானும் மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டபோது பெரிய மேஜைக்குப் பின்னால் ஒரு கன்னட அதிகாரி. வழுக்கைத் தலை, கறாரான முகம். பக்கத்தில் ஒரு சின்ன மேஜையில் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே குமாஸ்தா, அதே நாமம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

அதிகாரிக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. எனக்குத் தெரிந்த கன்னடம் காய்கறி வாங்கத்தான் போதும். குமாஸ்தாவையே மொழிபெயர்க்கச் சொன்னார். நான் செய்த பொய்யை, அந்தப் பொய்யில் ஏமாந்தவர் வாயாலேயே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு சங்கடத்தை நான் யாருக்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருக்க முடியாது.

"அது மாட்டுக் கொட்டாய் இல்லீங்க. எல்லாமே வூடு. அறுபத்து நாலு குடும்பம் இருக்கோம். வரிக்குப் பயந்துக்கினு நான்தான் பொய் சொன்னேன். இவரு மேல தப்பில்ல" என்றேன்.

அவர் அதைக் கன்னடத்தில் சொன்னார். அதிகாரி புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டார். குமாஸ்தா என்னைப் பார்த்தார். "அப்ப நான் பார்த்த அத்தனை மாடு யாரோடதுன்னு கேக்கறார்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள். "மாடு இவங்களுதுங்க. ஒரே மாடுதான். நீங்க முன்னால வர வர, அது பின்னால வந்துது."

குமாஸ்தாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பேனாவை மூடினார், திறந்தார். அவர் நினைத்திருந்தால் கன்னடத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு எங்கே தெரியப் போகிறது? அவர் எழுந்து நின்று, நான் சொன்னதை அப்படியே சொன்னார். கையால் முன்னால், பின்னால் என்று காட்டிக்கூடச் சொன்னார்.

"ஒந்தே ஹசுனா?" என்றார் அதிகாரி, ஒரே ஒரு மாடா என்று.

"ஹௌது சார். ஒந்தே. எடது கொம்பு ஒடிஞ்சது" என்று குமாஸ்தா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். "பதினோரு வீட்டுல அந்த ஒடிஞ்ச கொம்பைப் பார்த்திருக்கேன். எல்லாம் ஒரே ஜாதி மாடு போலன்னு நெனச்சுட்டேன்."

அதிகாரியின் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி கறாராகிவிட்டது. ஒரு தடவை பொய் சொன்னவர்கள் இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். நாலு பேர் கைநாட்டு வைத்த காகிதமெல்லாம் செல்லாது, தானே நேரில் வந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். மேஜையில் விரலைத் தட்டி, "ஒந்து ஒலெ, ஒந்து மனெ" என்றார்.

"ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு வீடுங்கறார்" என்று குமாஸ்தா சொன்னார். "நாளன்னிக்குப் பதினோரு மணிக்கு வரார். எரியற அடுப்பு எத்தனையோ அத்தனை வீடுதான் பட்டியல்ல. அணைஞ்ச அடுப்புக்கெல்லாம் கதை சொல்லக் கூடாது. அதுக்கு மறுநாள் பட்டியல் அச்சுக்குப் போயிடும்."

வெளியே வந்ததும் அக்காவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பகீர் என்றது. காலை பதினோரு மணிக்கு எங்கள் சந்தில் எந்த அடுப்பு எரியும்? விடிவதற்குள் களி கிண்டி, தின்று, கட்டிக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். அந்த நேரத்தில் பூட்டிய கதவும் ஆறிய சாம்பலும்தான் இருக்கும். உண்மையைச் சொல்லப் போயும் மாட்டுக் கொட்டாய் மாதிரிதான் தெரியப் போகிறோம்.

வழி ஒன்றுதான். வீட்டுக்கு ஒருத்தராவது அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். பங்களாவில் ஒரு நாள் நின்றால் மறுநாள் வேறு ஆயா வந்திருப்பாள். அதையும் மீறி நிற்கச் சொல்ல, குடியைக் கெடுத்தவள் என்று பேர் வாங்கிய எனக்கு என்ன வாய் இருக்கிறது? வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. எழுதிக்கிட்டா வரி போடுவானே என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "போடட்டுமே! வரி போட்டா வூடு இருக்குதுன்னு அர்த்தம். முளை அடிச்சா வூடே இல்லன்னு அர்த்தம். எது ஓணும், சொல்லு!" என்று கத்தினேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து ஒரு பக்கம் நிறுத்தினாள். அவள் கத்தவில்லை. "மாட்ட ஓட்டினது நானு. அவ மட்டுமா பொய் சொன்னா? கதவ மூடிக்கினு வைக்கோல் போட்டது யாரு? எல்லாருந்தான். எல்லாருஞ் சேர்ந்து அடுப்ப மூட்டுங்க" என்றாள். அதற்குப் பிறகு கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன.

என் வீட்டில் மட்டும் திறக்கவில்லை. கூட்ஸ் ஷெட்டில் ஒரு நாள் போகாவிட்டால் மேஸ்திரி என் இடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவான், நீதான் இருக்கியே என்றார் என் வீட்டுக்காரர். நான் சந்து முழுக்க ஓட வேண்டுமே மாமா என்றேன். அவர் மசியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லி, என் புருஷனுக்குச் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு எரிச்சல். ஏதேதோ சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. மழையும் வந்தது. பெங்களூர்த் தூறல், கொட்டவும் கொட்டாது, நிற்கவும் நிற்காது. விறகெல்லாம் நமுத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் எப்போதும் போல விடியலிலேயே கிளம்பிப் போயிருந்தார். நான் ஒரு கையில் மண்ணெண்ணெய்த் துணி, ஒரு கையில் ஊதுகுழல் என்று வீடு வீடாக ஓடினேன். ஒரு வீட்டில் பற்ற வைத்தால் இன்னொரு வீட்டில் அணைந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். ஒரு கிழவர் தன் கட்டில் காலையே உடைத்து அடுப்பில் வைத்தார். பங்களாவில் விடவில்லை என்று அழுதுகொண்டிருந்த ஒருத்தி, பத்தரை மணிக்கு ரயில் பாதையைத் தாண்டி ஓடிவந்தாள். கேட்காமலே வந்துட்டேன், ஆனது ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, நேரமில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு அதிகாரி குடையோடு ரயில் கேட்டைத் தாண்டி வந்தார். பின்னால் புத்தகத்தோடு குமாஸ்தா. கேட்டிலேயே இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஈர விறகு அல்லவா! சந்து முழுக்க, ஒரு ஓடு விடாமல், ஒரு தகரம் விடாமல் புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் நின்ற ரயில்வேக்காரன்கூட தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்து பார்த்தான். நான் அதைப் பார்த்தேன். கருப்பும் வெளுப்புமாக எங்கள் எல்லா வீட்டுப் புகையும் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தது. காலி நிலமாம் காலி நிலம்!

அதிகாரி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குனிந்து போனார். அடுப்பைப் பார்த்தார், பானையைத் திறந்து பார்த்தார். கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. ஆனாலும் ஒரு வீட்டை விடவில்லை. இந்தத் தடவை குமாஸ்தா மேற்படி போடவில்லை. வீட்டுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு பெயர். அக்கா வீட்டு வாசலில் செவலை கட்டிக் கிடந்தது. அதிகாரி அதன் முன்னால் நின்று ஒடிந்த கொம்பைத் தொட்டுப் பார்த்தார். "நமஸ்கார" என்று அதற்குச் சொன்னார். சந்தே சிரித்தது.

அறுபத்து மூன்று வீடு முடிந்தது. மீதி ஒன்று. அது எந்த வீடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் வீடு! ஊர் அடுப்பையெல்லாம் மூட்டினேன், என் அடுப்பை மூட்டவில்லை. சாம்பலைக்கூடத் தள்ளவில்லை. அக்காவுக்கும் புரிந்துவிட்டது, பின்பக்கமாகப் போய்ப் பற்ற வைத்துவிடட்டுமா என்று காதில் கேட்டாள். பின்பக்கமாக ஓடிய வரைக்கும் போதும் அக்கா என்றேன். அதிகாரியிடம் போய், "என் வூடுங்க. அடுப்பு எரியல. எழுதாதீங்க" என்றேன். அறுபத்து மூன்று இருந்தால் சந்து இருக்கும், என் வீடு இல்லாவிட்டால் போகிறது என்றுதான் நினைத்தேன்.

குமாஸ்தா அதைக் கன்னடத்தில் சொல்ல வாயைத் திறந்தார், மூடிவிட்டார். மேலே கையைக் காட்டினார். என் வீட்டு ஓட்டின் இடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினேன். என் வீட்டுக்காரர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். தலையெல்லாம் சாம்பல். ஊதுகுழலை நான் எடுத்துப் போய்விட்டதால் வாயாலேயே ஊதி ஊதிக் கன்னம் கருத்திருந்தது. கல்யாணமாகி அந்த மனிதர் ஒரு நாள் அடுப்பங்கரையில் நின்றதில்லை. கூட்ஸ் ஷெட்டுக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி, ரயில் வேலியோரமாக வந்து நுழைந்திருக்கிறார். அதிகாரி பானை மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுல என்ன போடணும்னு தெரியலீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பரீரி" என்றார் குமாஸ்தாவிடம். எழுதுங்கள் என்று. எனக்கு என் புருஷன் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. அத்தனை பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். கூட்ஸ் ஷெட்டில் அவருடைய இடம் போகவில்லை. ஒரு நாள் திட்டு வாங்கினார், அவ்வளவுதான்.

அடுத்த காகிதம் மார்க்கெட் சுவரில் ஒட்டப்பட்டபோது சந்தே திரண்டு போனது. நான் ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று உரக்க வாசித்தேன். எங்கள் சந்து, ரயில் வேலி வரைக்கும், இரண்டு பக்கத்து வீடுகளும், முழுசாக ஒரே டிவிஷனில். இன்னொரு தடவை வாசி என்றார்கள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார்கள். தொண்டை கட்டும் வரைக்கும் வாசித்தேன்.

தேர்தலும் வந்தது. அக்காவும் நானும் விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். பட்டியலில் என் பெயரைக் கூப்பிட்டபோது, பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி உள்ளேன் என்று கத்தியதில் அங்கிருந்த போலீஸ்காரர் திடுக்கிட்டுப் போனார். நான் ஓட்டுப் போட்ட ஆள் தோற்றுவிட்டார். அதற்காக நான் ஒரு வேளை சாப்பாட்டைக்கூடத் தள்ளவில்லை.

அதற்குப் பிறகு, அறுபதுகள் முடிவதற்குள், டிவிஷன்களின் எல்லையை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள், ஒன்றை இரண்டாக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் மல்லேஸ்வரத்திலிருந்து அந்தக் குமாஸ்தா சைக்கிளில் வருவார். பேச்சில் 'அம்மா' போய் 'தங்கச்சி' வந்தது. எங்கள் வீட்டுத் தம்ளரில் காபி குடித்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார். மாடு சௌக்கியமா என்று கேட்காமல் போக மாட்டார்.

ஆனால் டிவிஷன் என்றால் என்ன என்று எனக்கு நிஜமாகப் புரிந்தது அந்த முதல் தேர்தல் முடிந்து சில மாதங்களில்தான். ஒரு காலை நேரம் சந்து முனையில் நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி, முளைக்குச்சி, சுத்தியலோடு நாலு பேர் வந்து நின்றார்கள். யாரோ ஒரு கண்ட்ராக்டரின் ஆட்கள். காலி நிலம் என்று எழுதிய பழைய காகிதம் ஒன்று அவர்களிடம் இருந்தது. நான் புதுப் பட்டியலைச் சொன்னேன், வீட்டு நம்பரைக் காட்டினேன். எங்க கையில இருக்கற காகிதம்தான் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு வாசலிலேயே முதல் முளையை அடித்தார்கள். அடுத்து என் வாசலில். என் உயிரே போனது. ஜெயித்த கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினேன். நான் ஓட்டுப் போடாத ஆள். அந்த முகத்தோடு எப்படிப் போய்க் கேட்பது என்று யோசிக்க நேரமில்லை. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே என்னோடு ஓடிவந்தார். சங்கிலியின் மேல் செருப்புக் காலை வைத்து நின்றார். இது என் டிவிஷன், இங்க முளை அடிக்கறதுன்னா மொதல்ல எங்கிட்டப் பேசு என்றார். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, உருதுவில் ஒரு தடவை.

அவர்கள் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பொய்யில் பட்டதே போதும். "ஒண்ணு சொல்லிடறேங்க. நான் உங்களுக்கு ஓட்டுப் போடல" என்றேன்.

"தெரியும்மா. உங்க சந்துல பாதிப் பேரு போடல" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "அதான் ஓடி வந்தேன்."

கடைசி முளையைப் பிடுங்கும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.